மெட்டாஜீனோமில் பாதி ஜீனுக்கு மேல் "ஹைப்பதெட்டிக்கல் புரோட்டீன்" என்று வருகிறது, என்ன செய்வது?

அளத்துப்பொண்ணு:

வணக்கம். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல், கடைசி வருடம். புராஜெக்டுக்காகத் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் மாமாவின் உப்பளத்தில், உப்பு இறங்குகிற கடைசிப் பாத்தியிலிருந்து தண்ணீர் எடுத்தேன். உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாத்தித் தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். நாலு லிட்டர் வடிகட்டுவதற்குள் ஃபில்டர் அடைத்துப்போய் மூன்று தடவை மாற்றினேன், மூன்றும் ரோஸ். அதிலுள்ள எல்லா நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வையும் மொத்தமாகப் பிரித்து (அந்த மொத்தம்தான் மெட்டாஜீனோம்), வெளியே கொடுத்து சீக்வென்ஸ் பண்ணி, துண்டுகளை ஒட்டி அசெம்பிளி போட்டு, ஜீன் எங்கே என்று தேடும் புராடிகல் ஓட்டி, ஜீனுக்குப் பெயர் ஒட்டும் எக்நாக் ஓட்டி, ஒருவழியாக நேற்று முடிவு வந்தது.

மொத்தம் 91,000 சொச்சம் ஜீன். அதில் 47,000க்குப் பெயரே இல்லை. "ஹைப்பதெட்டிக்கல் புரோட்டீன்", "டொமைன் ஆஃப் அன்நோன் ஃபங்ஷன்", இல்லையென்றால் வெறும் கோடு. கைடிடம் காட்டினால் "அதை 'அதர்ஸ்' என்று சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டு மிச்சத்தை எழுது" என்கிறார். போட்டுப் பார்த்தேன், பை சார்ட்டில் பாதிக்கு மேல் சாம்பல். எனக்கே பார்க்க ஒருமாதிரி இருக்கிறது.

நான் எங்காவது தப்புப் பண்ணிவிட்டேனா? இல்லை எல்லாருக்கும் இப்படித்தான் வருமா? இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இந்த 47,000இல் ஒன்றாவது என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

கான்டிக்காரன்:

தப்பு உங்களுடையது இல்லை. ஆனால் 47,000ஐயும் அப்படியே நம்பவும் வேண்டாம்.

முதலில் பெயர் எப்படி விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். எக்நாக் ஒன்றும் உங்கள் புரதத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. முகச்சாயலைப் பார்த்து "இது இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொல்கிறது, அவ்வளவுதான். எங்கோ யாரோ ஆய்வகத்தில் சோதித்த ஒரு புரதத்தோடு சாயல் இருந்தால் அதன் பெயர் ஒட்டிக்கொள்ளும். சோதித்தவை பெரும்பாலும் ஈ.கோலை, பேசில்லஸ், ஈஸ்ட் மாதிரி ஆய்வகத்தில் வளருகிறவை. உப்புப் பாத்தியில் இருப்பது பெரும்பாலும் ஆர்க்கியா (பார்க்கப் பாக்டீரியா மாதிரி, ஆனால் வேறு குலம்), அதிலும் பலவற்றை யாரும் வளர்த்ததே இல்லை. சதுரமாக, தபால்தலை மாதிரி தட்டையாக இருக்குமே ஹாலோகுவாட்ராட்டம், அதை 1980இல் சினாய்ப் பக்கம் ஒரு உப்புக் குட்டையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார் வால்ஸ்பி. தட்டில் வளர்க்க 2004 ஆயிற்று. 24 வருடம்! அதன் ஜீன்களுக்கு யார் பெயர் வைத்திருப்பார்கள்?

இப்போது வடிகட்டலுக்கு வாருங்கள். 47,000இல் எத்தனை உண்மையிலேயே ஜீன்? கான்டிக் (அசெம்பிளியில் ஒட்டி வந்த நீளத் துண்டு) ஓரத்தில் பாதியில் அறுந்தவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். ஹாலோகுவாட்ராட்டத்தில் ஹாலோமியூசின் என்று ஒரு புரதம், 9,159 அமினோ அமிலம் நீளம். குட்டிக் குட்டித் துண்டாகப் படித்து ஒட்டும் ஷார்ட் ரீட் அசெம்பிளியில் அது ஏழெட்டுத் துண்டாகி ஒவ்வொரு துண்டும் தனித்தனி "தெரியாத ஜீன்" ஆகிவிடும். அடுத்தது ஜி.சி., அதாவது டி.என்.ஏ.வில் ஜி, சி எழுத்துகளின் பங்கு. உப்பு ஆர்க்கியாக்களில் பலவற்றுக்கு ஜி.சி. அறுபது சதவீதத்துக்கு மேல். புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறியீடு மூன்றிலும் ஏ, டி-தான் அதிகம், அதனால் ஜி.சி. கூடினால் நிறுத்தம் குறையும். எதிர் இழையில் ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட நீளமாக ஒரு "ஜீன்" இருப்பதுபோலத் தெரியும். அப்புறம் 60 அமினோ அமிலத்துக்குக் குறைந்தவை. இவற்றில் உண்மையும் உண்டு, ஆனால் குப்பையும் ஏராளம்.

மிஞ்சியதைக் குடும்பம் குடும்பமாகச் சேருங்கள். ஒரே ஒரு தடவை வருவது எனக்கு வேண்டாம். ஒரே ஜீன் பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறி வந்திருந்தால், அந்த மாற்றங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். டி.என்.ஏ. எழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறாத மாற்றங்கள்தான் அதிகம் என்றால், இயற்கை அந்தப் புரதத்தைப் பொத்திப் பாதுகாக்கிறது. அப்படியென்றால் அது வேலை செய்கிறது. என்ன வேலை என்று நமக்குத் தெரியவில்லை, அது வேறு கதை.

எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டீர்கள். 2023இல் நேச்சரில் வந்த ஒரு ஆய்வில் 26,931 மெட்டாஜீனோம் தொகுப்புகளை எடுத்து, தெரிந்த ஜீனோம்களோடும், புரதக் குடும்பப் பட்டியலான பிஃபாமோடும் சாயலே இல்லாதவற்றை மட்டும் பிரித்தார்கள். 117 கோடி புரத வரிசை மிஞ்சியது. அதில் நூறு உறுப்பினருக்கு மேல் உள்ள குடும்பங்கள் மட்டும் 1,06,198. உங்கள் சாம்பல் துண்டுக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சும்மா_வந்தேன்:

சாம்பல் கலர் பிடிக்கலைன்னா பச்சை போடுங்க. டிகிரி வாங்கிட்டு அப்புறம் உலகத்தைக் காப்பாத்தலாம் 😄

பள்ளிவாத்தியார்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மனித ஜீனோமையே படித்து முடித்தாயிற்று என்று பசங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு பாக்டீரியாவில் நாலாயிரம் ஜீன்தானே, இன்னுமா தெரியவில்லை? இரண்டாவது, தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? பையன்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெட்ரிடிஷ்_அக்கா:

சார், எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு, அர்த்தம் புரிவது வேறு. படித்தது முதலாவது. ஈ.கோலையை எடுத்துக்கொள்ளுங்கள், உலகத்திலேயே அதிகம் அலசிய பாக்டீரியா. 2019இல் ஒருவர் விடாமல் கணக்கெடுத்தபோது அதன் ஏறத்தாழ 4,600 ஜீன்களில் 1,600க்கு நேரடிச் சோதனை ஆதாரம் இல்லை என்று வந்தது. ஜீனோம் ஆய்வாளர் வென்டரின் குழு 2016இல் உயிர்வாழக் குறைந்தபட்சம் எத்தனை ஜீன் வேண்டும் என்று வெட்டி வெட்டி 473க்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் 149 என்ன செய்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எடுத்தால் செத்துப்போகிறது, அல்லது நொண்டுகிறது. ஏன் என்று தெரியாது. நான் வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

என்ன ஆகப்போகிறது என்பதற்கு இந்தப் பெண்ணின் உப்பளத்திலிருந்தே பதில் சொல்லலாம். ஸ்பெயினில் அலிகான்டே பக்கம் சான்டா போலா என்று ஒரு ஊர், அங்கேயும் உப்பளம். அந்தத் தண்ணீரில் இருந்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்ற ஆர்க்கியாவை வைத்து மொஹிகா என்பவர் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார். 1993 வாக்கில் அதன் டி.என்.ஏ.வில் முப்பது எழுத்து ஒரே மாதிரி, நடுவில் முப்பத்தாறு எழுத்து வேறு, மறுபடி அதே முப்பது என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். என்னவென்று தெரியவில்லை. பக்கத்திலேயே பெயர் தெரியாத ஜீன்கள் சில வேறு. அவரும் விடவில்லை. பத்து வருடம் கழித்து, பல நுண்ணுயிர்களிலிருந்து சேர்த்த அந்த நடுத்துண்டுகள் சுமார் 4,500ஐ டேட்டாபேஸில் போட்டுத் தேடினார். வெறும் 88தான் எதனோடாவது பொருந்தியது. அந்த 88இல் மூன்றில் இரண்டு பங்கு வைரஸோ பிளாஸ்மிடோ (செல்லுக்குச் செல் தாவும் குட்டி டி.என்.ஏ. வளையம்). அட, இது நுண்ணுயிரின் தடுப்பூசி அட்டை! 2005இல் அந்தக் கட்டுரை வெளிவருவதற்குள் பெரிய இதழ்கள் சில திருப்பி அனுப்பியிருந்தன. அதுதான் கிரிஸ்பர். பக்கத்தில் இருந்த அந்தப் பெயர் தெரியாத ஜீன்கள்தான் காஸ். அதே காஸ் வகையில் ஒன்றை ஜீன் வெட்டும் கத்தரியாக்கியதற்குத்தான் 2020 நோபல்.

இன்னொன்று, இது பசங்களுக்குப் பிடிக்கும். பிரான்சில் கடற்பாசி மேல் வாழும் ஒரு பாக்டீரியாவில் வேலை தெரியாத என்சைம் ஒன்றைச் சோதித்தார்கள். சிவப்புப் பாசியில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டியது. இதே ஜீன் வேறு எங்கே இருக்கிறது என்று தேடினால், ஜப்பான்காரர்கள் வயிற்றில் வாழும் பாக்டீரியாவில்! வட அமெரிக்கர்களின் குடல் தொகுப்பில் இல்லை. சுஷி சுற்றும் நோரி இருக்கிறதே, அது சிவப்புப் பாசி. சாப்பாட்டோடு போன கடல் பாக்டீரியாவிடமிருந்து குடல் பாக்டீரியா ஜீனை வாங்கிக்கொண்டது. 2010இல் வந்தது. அதற்கு முன்னால் அது ஏதோ ஒரு பட்டியலில் சாம்பல் துண்டுதான்.

அளத்துப்பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. கான்டிக்காரன் அண்ணா சொன்னபடி ஒரு வாரம் உட்கார்ந்து வடிகட்டினேன். ஓரத்தில் அறுந்தது, எதிர் இழைப் பேய், குட்டி எல்லாம் போக 47,000 இப்போது 19,400. பாதிக்கு மேல் காணாமல் போனதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை. அதைக் குடும்பமாகச் சேர்த்து, ஐந்து உறுப்பினருக்கு மேல் உள்ளதை மட்டும் எடுத்தால் 612 குடும்பம்.

அதில் ஒன்று கண்ணை உறுத்துகிறது. 140 அமினோ அமிலம், ஒன்பது உறுப்பினர், மூன்று வெவ்வேறு பின்னில் (ஒரே உயிரின் கான்டிக்குகள் என்று சேர்த்துக் கட்டிய கட்டுதான் பின்). மூன்றிலும், வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதமான ரோடாப்சினின் ஜீனுக்கு அடுத்த வீடு, அதே திசை. நடுவில் இருபது எழுத்துகூட இடைவெளி இல்லை. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் போட்டேன், நாலு ஹெலிக்ஸ் சுருள் வந்தது, ஆனால் நம்பிக்கை மதிப்பெண் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை, படம் முழுக்க ஆரஞ்சு. ஒத்த வடிவம் தேடும் ஃபோல்ட்சீக் எதையும் காட்டவில்லை. இது வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்ட புரதம் என்று எழுதிவிடலாமா?

சந்தேகப்பிராணி:

எழுதாதீர்கள். அக்கம்பக்கத்தை வைத்து ஆளை எடைபோடுவது நல்ல வழிதான், ஆனால் மூன்று பின்னும் நெருங்கிய உறவா என்று முதலில் பாருங்கள். ஒரே பேரினத்தின் மூன்று இனம் என்றால், அவை ஒரே வீட்டிலிருந்து பிரிந்துபோய் இன்னும் பழைய அடுக்கைக் கலைக்கவில்லை, அவ்வளவுதான். தூரத்து உறவில், மற்ற ஜீன்களெல்லாம் இடம் மாறிப்போயும் இந்த இரண்டு மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அது சாட்சி.

நாற்பதில் வந்த படத்தைத் தூக்கிப் போடுங்கள். அந்த மாடலுக்குத் தீனியே உறவினர் வரிசைகள்தான், ஒன்பதை வைத்து அது என்ன செய்யும்? பொது டேட்டாபேஸ்களில் உள்ள மற்ற உப்பள மெட்டாஜீனோம்களில் தேடி உறவினரைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது வேறு ஒன்றுக்கு. எல்லாரும் பெயர் இல்லாத பாதியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெயர் உள்ள பாதியை யார் பார்த்தது? எனக்கு அதுதான் அதிகம் பயம். "தெரியாது" என்று எழுதியிருப்பது குறைந்தபட்சம் நேர்மையானது. 2009இல் 37 என்சைம் குடும்பங்களை எடுத்துச் சரிபார்த்தார்கள், கையால் சரிபார்க்கும் ஸ்விஸ்புராட்டில் பிழை ஏறத்தாழ இல்லை, தானாகப் பெயர் விழும் பெரிய டேட்டாபேஸ்களில் சில குடும்பங்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் தப்பு. ஒருவர் தப்பாக ஒட்டிய பெயரை அடுத்தவர் மென்பொருள் சாயல் பார்த்து எடுத்துக்கொள்ளும், அதைப் பார்த்து இன்னொருவர். வதந்தி மாதிரிதான்.

உங்கள் "ரோடாப்சின்" எந்த ரோடாப்சின்? உப்பு ஆர்க்கியாவில் புரோட்டானை வெளியே தள்ளுவது ஒன்று, குளோரைடை உள்ளே இழுப்பது ஒன்று, எதையும் தள்ளாமல் வெளிச்சத்தைப் பார்த்துச் சேதி மட்டும் சொல்வது ஒன்று. சாயலில் எல்லாம் ஒரே முகம். புரோட்டானைத் தள்ளும் பாக்டீரியோரோடாப்சினில் 85ஆவது இடத்தில் உள்ள ஆஸ்பார்டேட்டை எடுத்துவிட்டு திரியோனைன் வைத்தால் புரோட்டான் பம்ப் குளோரைடு பம்ப் ஆகிவிடுகிறது, 1995இல் செய்து காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம்! எக்நாக்குக்கு அது தெரியாது. நீங்கள் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

கான்டிக்காரன்:

85ஐ நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சந்தேகப்பிராணியோடு எனக்கு ஒத்துப்போவது வருடத்துக்கு ஒரு தடவை, இந்த வருடத்துக்கு இது.

பெட்ரிடிஷ்_அக்கா:

சரி, கம்ப்யூட்டர் வேலை இவ்வளவு போதும். கை நனையாமல் எந்த ஜீனின் வேலையும் தெரியாது தங்கச்சி. 2000இல் மான்டெரி விரிகுடாக் கடல்நீரிலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டில் ரோடாப்சின் சாயலில் ஒரு ஜீனைப் பார்த்தார்கள். கடல் பாக்டீரியாவில் அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பார்த்ததோடு நிற்கவில்லை, ஈ.கோலைக்குள் போட்டு, வெளிச்சத்தைப் பிடிக்க அதற்குத் தேவையான ரெட்டினால் ஊற்றி, செல் சிவந்ததைப் பார்த்து, விளக்கைப் போட்டால் புரோட்டான் வெளியே போகிறது என்று அளந்தும் காட்டினார்கள்.

ஆனால் நீங்கள் ஈ.கோலையில் போடாதீர்கள், நான் பட்ட பாடு போதும். உப்பு ஆர்க்கியா தன் செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் குளோரைடை மொலார் கணக்கில் வைத்திருக்கும். அதன் புரதங்கள் மேற்பரப்பு முழுக்க ஆஸ்பார்டேட்டும் குளூட்டமேட்டுமாக, உப்பு இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். ஈ.கோலையின் நல்ல தண்ணீருக்குள் வந்தால் குலைந்துபோகும். என் பிஎச்.டி.யில் ஒரு என்சைமை ஆறு மாதம் இப்படி முயற்சி பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் சென்ட்ரிஃப்யூஜ் டியூபைத் திறந்தால் மொத்தப் புரதமும் தயிர்க்கட்டி மாதிரி அடியில் உட்கார்ந்திருக்கும்.

ஹாலோஃபெராக்ஸ் வோல்கானியை எடுங்கள். சாக்கடலிலிருந்து வந்தது, ஆய்வகத்தில் சாதுவாக வளரும், 45 டிகிரி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும். டிரிப்டோஃபான் சேர்த்தால் ஜீனைத் திறந்துவிடும் பிளாஸ்மிட் அதற்கு இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், மெத்தில் குறி போடாத ஈ.கோலை வழியாகப் பிளாஸ்மிடை ஒரு தடவை அனுப்பிவிட்டுப் பிறகு உள்ளே விடுங்கள், இல்லையென்றால் வோல்கானி அதை வெட்டித் தின்றுவிடும், நீங்கள் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். ஊடகத்தில் உப்பு அதிகம் என்பதால் தட்டு காய்ந்தால் ஓரத்தில் படிகம் பூக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

வோல்கானிக்குச் சொந்தமாக ரோடாப்சின் கிடையாது. அது உங்களுக்கு நல்லது. ரோடாப்சின் மட்டும் ஒன்று, உங்கள் குட்டி ஜீன் மட்டும் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று, காலிப் பிளாஸ்மிட் ஒன்று. நாலு குடுவை. நிறத்தையும் வெளிச்சத்தில் பி.ஹெச். மாறுவதையும் பாருங்கள். நாலு மாதத்தில் இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வேலை தெரியாத ஜீன்களை ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் சோதிக்கும் முறையும் உண்டு, 2018இல் 32 பாக்டீரியாக்களில் ஜீனை ஒவ்வொன்றாக உடைத்து 11,779 ஜீன்களுக்கு ஏதோ ஒரு விளைவு இருக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அதற்குத் தட்டில் வளரும் உயிர் வேண்டும், பெரிய கூட்டமும் பணமும் வேண்டும்.

பள்ளிவாத்தியார்:

நோரி கதையை இன்று வகுப்பில் சொன்னேன். "அப்ப நம்ம வயித்துல என்ன சார் வாங்கி வச்சிருக்கும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அளத்துப்பொண்ணு:

85ஐப் பார்த்தேன். ஒன்பதில் ஆறு திரியோனைன், மூன்று ஆஸ்பார்டேட். அதாவது என் பட்டியலில் "பாக்டீரியோரோடாப்சின்" என்று பெயர் விழுந்திருந்தவற்றில் ஆறு அநேகமாகக் குளோரைடு பம்ப். குட்டி ஜீன் இரண்டு வகைக்கும் பக்கத்தில் இருக்கிறது. மூன்று பின்னில் இரண்டு நெருங்கிய உறவு, ஒன்று வேறு குடும்பம். சாட்சி பலமில்லை, ஆனால் பொய்யும் இல்லை.

கைடிடம் நாலு குடுவைத் திட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "வோல்கானி யாரிடம் இருக்கிறது என்று விசாரி" என்றார். பை சார்ட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மாமாவுக்குப் போன் பண்ணி, மழை வருவதற்குள் அதே பாத்தியில் இன்னும் இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பார்க்க என்றேன். "தண்ணியிலயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.